ஸ்கீ தெரியாத குடும்பம் பெப்ரவரியில் எங்கே போவது?

சுவிசில் பிள்ளை வளர்க்கும் தமிழ் வீடுகளில் தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒரு தலையிடி தொடங்கும். பள்ளிக்கூடத்தில் இருந்து ஸ்கீ லாகர் என்ற பனிச்சறுக்கு முகாமுக்குக் கடிதம் வரும். பிள்ளை ஒரு கிழமை போய், விழுந்தெழும்பிப் பழகிக்கொண்டு வந்துவிடும். பிறகு பெப்ரவரியில் ஸ்போர்ட் ஃபேரியன் என்ற பள்ளி விடுமுறை விடும்போது, "எல்லாரும் மலைக்குப் போகினம், நாங்கள் மட்டும் ஏன் வீட்டில இருக்கிறம்?" என்று கேட்கும்.

எங்கள் வீட்டில் கேட்டவள் மூத்த மகள், வயது 12. அவளைத் தவிர வேறு ஒருவருக்கும் ஸ்கீ தெரியாது. மகனுக்கு 6 வயது. கணவருக்கு உணவகச் சமையலறையில் வேலை, ஞாயிறும் திங்களும்தான் லீவு. என் அம்மா எங்களோடு இருக்கிறார். வயது 68, முழங்காலில் வருத்தம். இந்த ஐந்து பேரையும் ஸ்கீயில் ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. பெரிய இடங்களில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் டிக்கெட் மட்டுமே 80 பிராங்கைத் தாண்டுகிறது. அதற்கு மேல் ஸ்கீ வாடகை, சப்பாத்து வாடகை, பழக்குகிறவருக்குச் சம்பளம். இவ்வளவும் கட்டிவிட்டு அம்மாவைக் கீழே தேத்தண்ணிக் கடையில் இருத்திவிட்டுப் போக மனம் வரவில்லை.

அதனால் மூன்று குளிர்காலமாக ஸ்கீ இல்லாத வேறு வழிகளைத்தான் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தோம். முதல் வருடம் விலையைப் பார்த்துத் தெரிவு செய்தேன், பிழைத்தது. இரண்டாம் வருடம் படத்தைப் பார்த்து மயங்கினேன், அதுவும் பிழைத்தது. இப்போது நான் பார்ப்பது இரண்டே விஷயம். எங்களை மேலே ஏற்றிவிடுவது எது? அம்மா எங்கே இருப்பார்? மலையில் இறங்குவது எல்லோருக்கும் சந்தோஷம். ஏறும்போதுதான் பிள்ளை அழும், அப்பா மூச்சு வாங்குவார், வீட்டுச் சண்டை மலைக்கு வரும்.

ஷ்லிட்டன்

மரச் சறுக்குவண்டியை இங்கே ஷ்லிட்டன் என்கிறார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். ஸ்கீ பழக ஒரு கிழமை வேண்டும். இதற்குக் கால் மணித்தியாலம் போதும். வண்டியில் நிமிர்ந்து இருக்க வேண்டும். இடப்பக்கம் திரும்ப இடது குதிக்காலை மெல்ல ஊன்றி, கயிற்றையும் அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். நிறுத்த இரண்டு பாதத்தையும் முழுதாகப் பனியில் அழுத்த வேண்டும். அழுத்தும்போது பனி பொடியாகக் கிளம்பி முகத்தில் அடிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் அடுத்த வளைவு தெரியாது. அவ்வளவுதான் வித்தை.

பல மலைகளில் ஷ்லிட்டன் பாதை இருக்கிறது. ஆனால் பல இடங்களில் வண்டியைக் கயிற்றில் கட்டி, தூரம் தூரமாக இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். கிரிண்டெல்வால்டில் உள்ள 15 கிலோமீட்டர்ப் பாதையைப் பற்றிக் கணவர் ஆசையாகக் கதைத்துக்கொண்டே இருந்தார். ஃபவுல்ஹோர்ன் என்ற 2,681 மீட்டர் உச்சியில் தொடங்கி ஊர்வரை வருகிறது. அங்கே போய்ச் சேர, கேபிள் கார் விட்ட இடத்தில் இருந்து இன்னும் இரண்டரை மணித்தியாலம் வண்டியை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும் என்று பிறகுதான் வாசித்தோம். ஆறு வயதுப் பிள்ளையோடு அது சரிவராது. பாதி வழியில் இருக்கும் புஸ்ஆல்ப் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து இறங்கலாம். பெரிய பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது நல்ல நாள்.

அந்த ஊரில் வேறொன்றும் இருக்கிறது. சைக்கிள் மாதிரியே மரத்தால் செய்து, சில்லுக்குப் பதிலாகச் சறுக்குக்கட்டை பூட்டிய வண்டி. பெயர் வெலோகெமல். 1911-ல் அந்த ஊர்க்காரர் ஒருவர் காப்புரிமை எடுத்தது. இன்றும் அங்கே அதற்கு உலகப் போட்டி வைக்கிறார்கள். என் மகள் அதைப் பார்த்ததும் ஸ்கீயை மறந்துவிட்டாள்.

எங்கள் வீட்டுக்குப் பொருந்தியது கிராவ்புண்டன் மாநிலத்தில் உள்ள பெர்குன். காரணம் அங்கே ஓடும் சிவப்பு ரயில். அல்புலா கணவாய்க்குப் போகும் தார்வீதியைக் குளிர்காலத்தில் வாகனத்துக்கு மூடிவிட்டு, பிரேடா என்ற குட்டி ஊரில் இருந்து பெர்குன் வரை 6 கிலோமீட்டரை ஷ்லிட்டன் பாதையாக்கிவிடுகிறார்கள். இறக்கம் ஏறக்குறைய 400 மீட்டர். கீழே வந்து சேர்ந்ததும் ரயிலில் ஏறினால் திரும்பவும் பிரேடா. அங்கே ஒருவரும் ஒரு மீட்டர்கூட இழுக்க வேண்டியதில்லை. நாங்கள் ஒரே நாளில் நான்கு தரம் இறங்கினோம், ஒருவரும் அழவில்லை. எங்கள் குடும்பச் சரித்திரத்தில் அது பெரிய விஷயம்.

அந்த ரயில்பாதையே ஒரு வேடிக்கை. பெர்குனும் பிரேடாவும் நேர்கோட்டில் 5 கிலோமீட்டர் தூரம்தான். இவ்வளவு உயரத்தைப் பல்சக்கரம் இல்லாமல் ஏறுவதற்காக, ரயில் சுரங்கத்துக்குள் புகுந்து வட்டமடித்து, பாலத்தில் வெளியே வந்து, திரும்பவும் வட்டமடித்து, 12 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. யன்னலில் இருந்து பார்த்தால் பெர்குன் தேவாலயக் கோபுரம் ஒருமுறை வலப்பக்கம், அடுத்தமுறை இடப்பக்கம் என்று மாறி மாறி வரும். மகன் அதை எண்ணத் தொடங்கி, கணக்குத் தவறி, திரும்பவும் முதலில் இருந்து எண்ணினான். 1903-ல் திறந்த பாதை. 2008-ல் பெர்னினாப் பாதையோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2022 ஒக்டோபரில் 100 பெட்டிகளைக் கோத்து உலகத்திலேயே நீளமான பயணிகள் ரயிலை ஓட்டியதும் இந்தப் பாதையில்தான், பிரேடாவில் இருந்து கீழ்நோக்கி.

இதில் அம்மாவின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். அம்மா எங்களோடு ரயிலில் ஏறுவார், நாங்கள் பிரேடாவில் இறங்கிச் சறுக்குவோம், அவர் அடுத்த ரயிலில் கீழே வந்துவிடுவார். ஷ்லிட்டன் பாதை ரயில் பாலங்களுக்குக் கீழாலும் போகிறது. ஒருமுறை தலைக்கு மேல் சிவப்புப் பெட்டிகள் போகும்போது மகன் வண்டியை நிறுத்தி இரண்டு கையையும் ஆட்டினான். அம்மா கண்டாரோ தெரியாது, கண்டதாகத்தான் இன்றைக்கும் சொல்கிறார். ஏறி இறங்கிக் களைத்தால் பெர்குன் நிலையத்துக்குப் பக்கத்தில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, சூடாக இருந்து பொழுதைப் போக்கலாம்.

குறை இல்லாமல் இல்லை. சூரிச்சில் இருந்தே இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல், பேர்ணில் இருந்து இன்னும் கூட. ஸ்போர்ட் ஃபேரியன் ஞாயிறுகளில் பிரேடா ரயிலில் ஷ்லிட்டனும் ஆட்களும் அடைந்துபோய்த்தான் வருவார்கள். மின்விளக்குப் போட்டு இரவிலும் விடுகிறார்கள், வடிவுதான். ஆனால் வெயில் போனதும் பாதை இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், வேகம் இரண்டு மடங்கு. சின்னப் பிள்ளையோடு இரவில் வேண்டாம். பனி போதாத வருடம் பாதையைத் திறக்கமாட்டார்கள், புறப்பட முதல் பார்த்துவிட்டுப் போங்கள்.

வண்டி எடுக்கும்போது ஒரு விஷயம். பழைய மாதிரி, தட்டைப் பலகை அடித்த வண்டியை டாவோஸ் ஷ்லிட்டன் என்பார்கள். பார்க்க அழகு, பேரும் பெரிசு. 1883-ல் டாவோசில் இருந்து குளோஸ்டர்ஸ் வரை நடந்த போட்டியில் அவுஸ்திரேலிய மாணவர் ஒருவரும் குளோஸ்டர்ஸ் தபால்காரர் ஒருவரும் சமமாக வந்தார்கள் என்பது அந்தப் பக்கத்துப் பழங்கதை. ஆனால் அது விறைப்பான வண்டி, திருப்புவது கஷ்டம். ரோடல் என்று கேட்டால் வளைந்து கொடுக்கிற, துணிப்பட்டை இருக்கை போட்ட வண்டி தருவார்கள். பெரியவர்களுக்கு அதுதான் நல்லது. பிளாஸ்டிக் தட்டு வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டுக்குத்தான் சரி. நாங்கள் முதல் வருடம் காசை மிச்சம் பிடிக்க அதைத்தான் வாங்கிக்கொண்டு போனோம், இரண்டாவது வளைவில் வெடித்தது. அன்றைக்குக் கணவர் போட்டிருந்தது ஓட்டப் பயிற்சிச் சப்பாத்து. அடி வழவழப்பு, பிரேக் பிடிக்கவே இல்லை. பனிக் குவியலுக்குள் இடுப்பளவு போய் நின்றார். தலைக்கவசமும் தடித்த அடிச் சப்பாத்தும் இல்லாமல் ஷ்லிட்டனில் ஏறாதீர்கள். குப்புறப் படுத்துத் தலையை முன்னால் நீட்டிப் போகிற பிள்ளைகளைப் பார்த்து உங்கள் பிள்ளை ஆசைப்படும், விடாதீர்கள்.

நடை

குளிர்கால நடை என்று சொன்னால் மகள் கொட்டாவி விடுவாள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. நவம்பர் முடிந்தால் பேர்ண், லுட்சேர்ன், சூரிச் எல்லாம் கிழமைக் கணக்கில் புகார் என்ற மூடுபனிக்குள் கிடக்கும். சூரியனைக் காணாமல் ஆட்களின் முகமே வாடிப்போகும். அப்படி ஒரு ஞாயிறு, லுட்சேர்னில் கப்பலேறி விட்ஸ்னாவ் போய், அங்கிருந்து பல்சக்கர ரயிலில் ரீகி மலைக்கு ஏறினோம். 1871-ல் ஓடத் தொடங்கிய ரயில், ஐரோப்பாவின் முதலாவது மலை ரயில் இதுதான். பாதி வழிவரை யன்னலில் சாம்பல் நிறம் மட்டும். பிறகு ஒரு நொடியில் வெளிச்சம் வந்து விழுந்தது. நீல வானம், கீழே பால் பொங்கின மாதிரிப் புகார், அதற்குள் இருந்து தலை நீட்டும் மலைகள். அம்மா ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மற்றக் கையால் கும்பிட்டார்.

ரீகி கால்ட்பாட்டில் இறங்கினால் ஷைடெக் வரை 7 கிலோமீட்டர் அளவில் ஒரு நடைபாதை. அது பழைய ரயில்பாதை. 1875 முதல் 1931 வரை ஓடின ரயிலின் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, அந்தத் தடத்தையே நடக்க விட்டிருக்கிறார்கள். ரயில் போன வழி என்பதால் செங்குத்தே இல்லை. மெசினால் பனியை அமத்தி வைத்திருப்பார்கள், சாதாரண மலைச் சப்பாத்துப் போதும், சில்லுப் பெரிய பிள்ளை வண்டியும் ஓடும். அம்மா ஊன்றுகோல் இரண்டை வாடகைக்கு எடுத்து, முதல் நிறுத்தமான ரீகி ஃபிர்ஸ்ட் வரை நடந்து, வெயிலில் வாங்கில் இருந்துகொண்டார். நாங்கள் மகனை ஷ்லிட்டனில் இருத்தி இழுத்துக்கொண்டு மிச்சத் தூரம் போனோம்.

கோடையில் மஞ்சளாக இருக்கும் வழிகாட்டிப் பலகை குளிர்காலப் பாதைகளுக்கு இளஞ்சிவப்பில் இருக்கும். அந்த நிறத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வழி தவறாது. வாலிஸ் மாநிலத்தில் ரீடரால்ப், பெட்மரால்ப் பக்கமும் இப்படி நல்ல பாதைகள் உண்டு. கார் ஓடாத ஊர்கள், சத்தமே இல்லை. அல்ப்ஸின் நீளமான பனியாறான அலெட்ச் அதற்குப் பக்கத்தில்தான்.

செலவில் நடையை அடிக்க வேறொன்றும் இல்லை, ரயில் காசும் ஒரு சூப் காசும்தான். ஆனால் 12 வயதுக்காரிக்கு இது மட்டும் போதாது. ரீகியில் உச்சியில் இருந்து கிளோஸ்டர்லி வரை ஷ்லிட்டன் பாதையும் இருப்பதால் அவளையும் தகப்பனையும் அந்தப் பக்கம் அனுப்பிவிட்டேன்.

ஸ்னோஷூ

படத்தைப் பார்த்து மயங்கினது இதில்தான். ஆள் நடமாட்டம் இல்லாத வெள்ளைக் காடு, காலில் டென்னிஸ் மட்டை மாதிரி ஒன்று, முகத்தில் சிரிப்பு. உண்மையில், ஒவ்வொரு அடிக்கும் காலை அகட்டித் தூக்கி வைக்க வேண்டும். அரை மணித்தியாலத்தில் தொடை எரியும். மகன் 20 நிமிடத்தில் அதைக் கழற்றித் தரச் சொன்னான். கழற்றினதும் துள்ளி ஓடினான். பாரம் குறைந்த பிள்ளை அமத்தின பனியில் புதையாது, அதற்கு அது தேவையே இல்லை. 10 வயதுக்கு மேல், கொஞ்சம் பொறுமை உள்ள பிள்ளை என்றால் யோசியுங்கள். மகளுக்குப் பிடித்தது. முயல் தடம், நரித் தடம் என்று படம் எடுத்துக்கொண்டே வந்தாள்.

இதை நான் பின்னுக்குத் தள்ளுவதற்குப் பெரிய காரணம் பனிச்சரிவு. டாவோசில் உள்ள எஸ்.எல்.எஃப். என்ற பனிச்சரிவு ஆய்வு நிலையம் குளிர்காலம் முழுக்க மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை விடுகிறது, 1 முதல் 5 வரை அபாய எண் போட்டு. அந்த எண்ணைப் பார்க்கத் தெரியாமல் குறிபோட்ட பாதையை விட்டு வெளியே ஒரு அடி வைக்கக் கூடாது. 3 என்றால் நடுத்தரம்தானே என்று நினைப்போம். இல்லை. அந்த எண்ணில் ஆட்கள் நிறையச் சாகிறார்கள், ஏனென்றால் நம்மைப் போல நினைத்துக்கொண்டுதான் அவர்களும் போகிறார்கள். ஊர் திறந்துவைத்த, இளஞ்சிவப்புப் பலகை போட்ட ஸ்னோஷூப் பாதை என்றால் பயமில்லை. பாதையை விடக் கூடாது என்பதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. மான், மலையாடு, காட்டுக்கோழி எல்லாம் இருக்கிற கொழுப்பை வைத்துத்தான் குளிர்காலத்தைத் தள்ளுகின்றன. வெருட்டி ஓடவைத்தால் அந்த ஓட்டமே அவற்றின் உயிரை எடுக்கும். அதற்காக ஒதுக்கின இடங்களுக்குள் போனால் தண்டம் கட்ட வேண்டும்.

அம்மா எங்கே இருப்பார் என்ற கேள்விக்கு இதில் பதிலே இல்லை. பெரிய பிள்ளையும் பெற்றோரும் மட்டும் போகிற நாள் இது.

உறைந்த ஏரி

பேர்ணில் இருந்து கிட்ட. காண்டர்ஸ்டெக் வரை ரயில், பிறகு கேபிள் கார், 20 நிமிட நடை, ஓஷினன் ஏரி. 1,578 மீட்டரில், மூன்று பக்கமும் சுவர் மாதிரி மலை. உறைந்தால் அதன் மேல் நடக்கலாம், ஐஸ் சப்பாத்துப் போட்டுச் சறுக்கலாம், துளை போட்டு மீன்கூடப் பிடிக்கிறார்கள். வடிவில் நான் பார்த்ததில் முதலிடம் இதற்குத்தான். நம்பிக்கையில் கடைசி இடமும் இதற்குத்தான். எந்தக் கிழமை உறையும், எந்தக் கிழமை மேலே பனி விழுந்து மூடும் என்று ஒருவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஜூரா பக்கம் உள்ள ஜூ ஏரியும் அப்படித்தான், உறைந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஐஸ், பல வருடம் உறைவதே இல்லை. சூரிச் ஏரி முழுதாக உறைந்தது கடைசியாக 1963-ல். அதை இன்றும் அங்கே வயதானவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆகவே இதை நம்பி அறை பதிவு செய்யாதீர்கள். திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் அடுத்த நாளே வெளிக்கிட்டுப் போய் வாருங்கள். திறக்காத ஐஸில், ஆட்கள் நிற்கிறார்களே என்று நீங்களும் இறங்க வேண்டாம்.

வெந்நீர்

லொய்கர்பாட் 1,411 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். நிலத்துக்கு அடியில் இருந்து 51 பாகைச் சூட்டில், நாளொன்றுக்கு 39 இலட்சம் லீற்றர் வெந்நீர் வருகிறது. அதை ஆற்றிக் குளங்களில் விடுகிறார்கள். வெளிக்குளத்தில் கழுத்தளவு சுடுதண்ணிக்குள் இருந்துகொண்டு, தலைமயிரில் பனி விழுந்து உறைய, நேர் எதிரே செங்குத்தான பாறைச் சுவரைப் பார்க்கலாம். அம்மாவுக்குத் திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஞாபகம் வந்தது. ஏழு கிணறு, வாளியால் அள்ளி ஊற்றுவது, சின்ன வயதில் அந்தியேட்டிச் சடங்குக்குப் போனது என்று திரும்பி வரும் பஸ் முழுக்க அந்தக் கதைதான்.

ஆனால் அம்மாவைத் தண்ணிக்குள் இறக்கினது சின்ன விஷயமில்லை. சேலையோ பருத்திச் சட்டையோ போட்டு இறங்க விடமாட்டார்கள், நீச்சலுடைத் துணி வேண்டும். முழுக்கை, முழங்கால் மூடிய நீச்சலுடை கடைகளில் இருக்கிறது. சில குளங்களில் அதை விடுவார்கள், சிலவற்றில் விடமாட்டார்கள். டிக்கெட் வாங்க முதல் கேளுங்கள். நாங்கள் முதலில் போன வேறொரு இடத்தில் வாசலில் வைத்துத் திருப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு அந்த அவமானம் ஆற இரண்டு மாதம் எடுத்தது.

அப்புறம் சவுனா. ஜெர்மன் பேசும் பக்கத்தில் சவுனாப் பகுதிக்குள் துணி இல்லாமல் இருப்பதுதான் விதி, ஆணும் பெண்ணும் ஒன்றாக. பலகையில் டெக்ஸ்டில்ஃப்ரை என்று எழுதியிருப்பார்கள். கணவர் அந்தச் சொல்லைத் துணி கழுவும் இடமாக்கும் என்று நினைத்துக் கதவைத் திறந்தார், பின்னால் மாமியார். மிச்சத்தை நான் எழுதப் போவதில்லை.

குளத்தை ஒரு முழு விடுமுறையாக நான் எண்ணமாட்டேன். பிள்ளைகள் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தோல் சுருங்கி வெளியே வந்துவிடுவார்கள். ஷ்லிட்டனில் அடிபட்ட உடம்புக்கு அடுத்த நாள் இது மருந்து. புயலடித்துக் கேபிள் கார் நின்றுபோன நாளுக்கும் இதுதான் கைகொடுக்கும்.

ரயிலிலேயே இருந்துவிடலாமா?

இருக்கலாம். நடக்கவே ஏலாதவர் வீட்டில் இருந்தால் இதுதான் முதல் தெரிவு. சென்ட் மொரிட்ஸில் இருந்து இத்தாலியின் திரானோவுக்குப் போகும் பெர்னினாப் பாதை 2,253 மீட்டர் வரை ஏறி, பனைமரம் நிற்கிற 429 மீட்டருக்கு இறங்குகிறது. பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயிலுக்கு ஆசனப் பதிவுக் காசு தனி. அதே தண்டவாளத்தில், அதே மலையைப் பார்த்துக்கொண்டு சாதாரண ரயிலும் ஓடுகிறது. அதற்கு மேலதிகக் காசு இல்லை, நடுவில் ஆல்ப் குரூமில் இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்ததில் ஏறலாம். நான் சாதாரண ரயில் கட்சி.

ஊரில் இருந்து வரும் சொந்தக்காரரை எல்லோரும் யுங்ஃப்ராவ்யோக் என்ற உயரமான மலை ரயில் நிலையத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறோம். குளிர்கால விடுமுறைக்கு அதை நான் சொல்லமாட்டேன். 3,454 மீட்டரில் அம்மாவுக்குத் தலை சுற்றியது, பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலத்தில் அலுத்தது, அந்தக் காசுக்கு பெர்குனில் மூன்று நாள் சறுக்கியிருக்கலாம்.

சரி, உங்களுக்கு எது?

கைக்குழந்தையோ நடை தளர்ந்தவரோ இருந்தால் ரீகி. ஒரே நாளில் போய் வரலாம், புகாருக்கு மேலே வெயில் என்ற ஒன்றுக்காகவே போகலாம். 5 முதல் 14 வயதுப் பிள்ளைகள் இருந்தால் பெர்குன்தான், யோசிக்க ஒன்றுமில்லை. தூரம் என்பதால் முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள். பதின்ம வயதுப் பிள்ளை ஒன்று மட்டும், பெற்றோருக்கும் கால் நல்லது என்றால் ஸ்னோஷூவோ புஸ்ஆல்ப் ஷ்லிட்டனோ. லொய்கர்பாட்டை இரண்டாம் நாளுக்கு வையுங்கள். ஓஷினன் ஏரியைக் கைத்தொலைபேசியில் குறித்துவைத்துக்கொண்டு காத்திருங்கள்.

ஜூனியர் கார்ட் எடுக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆச்சரியம்தான். 6 வயதில் இருந்து 16 ஆகும் வரை, தாயோ தகப்பனோ கூடப் போனால் ஒரு பிள்ளைக்கு வருடம் 30 பிராங்கில் ரயில் முடிந்தது. பெரியவர்களுக்கு, கம்யூனில், அதாவது ஊர் நிர்வாக அலுவலகத்தில், விற்கும் ஒருநாள் டிக்கெட்டை முந்தி வாங்கினால் பெர்குன் மாதிரித் தூரப் பயணத்துக்கு நல்ல மலிவு.

உடுப்புக்குப் புதுக் கடைக்குப் போகாதீர்கள். பிள்ளையின் ஸ்கீக் காற்சட்டை ஒரு குளிர்காலத்துக்குத்தான் அளவாக இருக்கும், எல்லா ஊரிலும் உள்ள புரோக்கி என்ற பழைய சாமான் கடையில் அரை விலைக்கும் கீழே கிடைக்கும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் விறைத்துப் பலகையாகும். கையுறை ஆளுக்கு இரண்டு சோடி. வெயில் கிறீம் கட்டாயம், புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கிறது, எங்கள் தோலுக்கு ஒன்றும் செய்யாது என்று நம்பின கணவரின் மூக்கு இரண்டு நாளில் உரிந்தது. சாப்பாட்டைப் பிளாஸ்கில் கொண்டுபோங்கள். பிள்ளைகளுக்குச் சுடச்சுடக் கொத்துரொட்டி, பெரியவர்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி, எல்லோருக்கும் மீன் பணிஸ். மலை உணவகத்து மேசையில் இருந்து சொந்தச் சாப்பாட்டைத் திறந்தால் முகம் சுளிப்பார்கள், வெளி வாங்கில் திறந்தால் பக்கத்து வாங்குக்காரர் இது என்ன வாசம் என்று கேட்டுக்கொண்டு வருவார். 144 அம்புலன்ஸ், 1414 ரேகா மீட்பு ஹெலிகொப்டர், இரண்டையும் தொலைபேசியில் போட்டுவையுங்கள்.

இந்த வருடம் எங்களுக்குத் திரும்பவும் பெர்குன், ஞாயிறு போய்த் திங்கள் வருகிறோம். மகள் தன் சிநேகிதியையும் கூட்டி வரலாமா என்று கேட்கிறாள். ஸ்கீ தெரிந்த பிள்ளை. அம்மா வேறொன்று கேட்கிறார். ரயிலில் எத்தனை தரம்தான் ஏறி இறங்குவது, ஒருமுறை எனக்கும் அந்த வண்டியில இருக்கேலாதோ என்று. வைத்தியரிடம் முழங்காலைக் காட்டிக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நேற்றுக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் மகளின் தலைக்கவசத்தைக் கொண்டைக்கு மேல் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். கொண்டையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டால் பொருந்துகிறதாம்.